சுத்தமான இலையா, நீடிக்கும் எதிர்ப்பா? எண்ணெய் வித்துப் பயிர்களின் பூஞ்சை நோய்க்கு எந்த மரபணு வழி

நோய்ச் சோதனை வயலில் இரண்டு வரிசைகள் அருகருகே நிற்கின்றன. ஒன்றில் இலைகள் கழுவிவிட்டது போல இருக்கின்றன. மருந்துக்குக்கூட ஒரு புள்ளி கிடையாது. பக்கத்து வரிசையில் கீழ் இலைகளில் புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் இலை உதிரவில்லை, காயும் நன்றாகப் பிடித்திருக்கிறது. அடுத்த பருவத்து இனக்கலப்புக்கு எதைப் பெற்றோராக எடுப்பது?

பெரும்பாலோர் முதல் வரிசையைத்தான் காட்டுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது யாராவது இரண்டாவது வரிசையைக் கழித்துவிட்டு முதல் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால், ஓடிப்போய்த் தடுக்கத் தோன்றுகிறது. அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். புதிய இரகம் உருவாக்குபவருக்கும், இருக்கும் இரகங்களில் எதை விதைப்பது என்று யோசிப்பவருக்கும் இந்தத் தேர்வு பொதுவானதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நோய் எதிர்ப்புக்கான வழிகளைப் பட்டியலிடும்போது ஒரே பெருமரபணு (தனியாகவே நோயைத் தடுக்கும் மரபணு), பல சிறு மரபணுக்கள் (ஒவ்வொன்றும் சிறிதளவே உதவுபவை), பெருமரபணு அடுக்கு (பல பெருமரபணுக்களை ஒரே செடியில் சேர்ப்பது), காட்டினக் கலப்பு, மரபணு மாற்றம், மரபணுத் திருத்தம் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துவிடுகிறோம். உண்மையில் முதல் மூன்றும் எதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியவை. மற்றவை அது எங்கிருந்து வருகிறது, எப்படிப் பயிருக்குள் நுழைகிறது என்பதைப் பற்றியவை. காட்டினத்திலிருந்து வந்த எதிர்ப்பு ஒற்றைப் பெருமரபணுவாகவும் இருக்கலாம், பல சிறு மரபணுக்களின் கூட்டாகவும் இருக்கலாம். "காட்டினத்திலிருந்து வந்தது, ஆகவே உறுதியானது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கீழே வரும் ஒரு நிகழ்ச்சியே அதற்குச் சாட்சி.

ஒற்றைப் பெருமரபணு

இதன் அறிவியல் பிறந்ததே ஓர் எண்ணெய் வித்துப் பயிரில்தான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹெரால்ட் ஃபுளோர் என்ற ஆய்வாளர் 1930களில் தொடங்கி ஆளிச் செடியையும் அதைத் தாக்கும் துருப் பூஞ்சையையும் சேர்த்தே ஆராய்ந்தார். செடியில் எதிர்ப்பு எப்படித் தலைமுறைக்குத் தலைமுறை இறங்குகிறது என்று பார்த்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். பூஞ்சையிலும் கலப்பு செய்து, அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பின்தொடர்ந்தது இவருடைய தனிச் சாதனை. செடியில் உள்ள ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் எதிரே பூஞ்சையில் ஒரு மரபணு இருக்கிறது என்று அவர் கண்டார். 'மரபணுவுக்கு மரபணு' என்று இன்று எல்லாப் பயிர்களுக்கும் பேசப்படும் கோட்பாடு அதுதான்.

பூஞ்சை செடியைத் தாக்கும்போது, செடியின் தற்காப்பை அடக்குவதற்காகச் சில புரதங்களை உள்ளே அனுப்புகிறது. செடியின் பெருமரபணு அந்தப் புரதங்களில் ஒன்றை அடையாளம் கண்டுகொள்ளும். கண்டவுடன் அந்த இடத்துச் செல்கள் தாமாகவே மடிகின்றன. பூஞ்சை அதற்குமேல் நகர முடியாமல் முடங்கிவிடும். அதனால்தான் இலை அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. இனப்பெருக்குநருக்கும் வேலை சுலபம். நாற்றுப் பருவத்திலேயே சோதித்துவிடலாம், மூலக்கூறு மார்க்கர் (மரபணு இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளம்) ஒன்றை வைத்துப் பின்தொடரலாம், சில பின்கலப்புகளில், அதாவது நல்ல இரகத்தோடு மறுபடி மறுபடி கலந்து, அந்த இரகத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

அதன் பலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் பலவீனமும் இருக்கிறது. ஒரே ஒரு முகத்தை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் காவலாளி அது. பூஞ்சை அந்தப் புரதத்தை உருமாற்றினாலோ, அதற்கான மரபணுவை அடியோடு இழந்துவிட்டாலோ காவலாளியின் கண்ணுக்கு ஒன்றும் படாது.

இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்குக் கடுகின் உறவான கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரின் கருங்கால் நோயைப் பார்க்க வேண்டும். லெப்டோஸ்பேரியா மாக்குலான்ஸ் என்ற பூஞ்சை இதற்குக் காரணம். சென்ற பருவத்தின் தட்டைகளில் தங்கி, பாலினப் பெருக்கம் செய்து, மழை ஈரம் பட்டதும் ஸ்போர்களை (பூஞ்சையின் நுண்ணிய வித்துகளை) காற்றில் விடுகிறது. அவை இளம் இலையில் விழுந்து புள்ளியாகின்றன. அப்புறம் பூஞ்சை வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் இலைக்காம்பு வழியாகத் தண்டுக்கு இறங்குகிறது. மாதங்கள் கழித்துத் தண்டின் அடி கருகி, செடி சாய்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு 'சர்பாஸ் 400' என்ற கனோலா இரகம் வெளியானது. அதன் எதிர்ப்பு, கனோலாவின் உறவினமான பிராசிக்கா ராபாவின் சில்வெஸ்ட்ரிஸ் என்ற காட்டு வகையிலிருந்து வந்தது. கருங்கால் நோய்க்கு நடுவே அந்த இரகம் பளிச்சென்று நின்றது. விவசாயிகள் நம்பிப் பரப்பினார்கள். 2003இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் எயர் தீபகற்பத்தில் அந்த எதிர்ப்பு சரிந்தது. சில வயல்களில் விளைச்சலில் 90 சதவீதம் வரை போயிற்று. மூன்றே ஆண்டுகள். பிரான்சிலும் 1990களில் ஆர்.எல்.எம்.1 என்ற பெருமரபணுவை நம்பிய இரகங்களுக்குக் கிட்டத்தட்ட இதே கதிதான். அங்கும் மூன்று ஆண்டுகளுக்குள் பூஞ்சைக் கூட்டம் மாறிவிட்டது.

ஒரு மரபணுவைத் தேடிக் கண்டுபிடித்து, கலப்பு செய்து, இரகமாக்கி, விதை பெருக்கி விவசாயி கையில் கொடுக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. அது மூன்று ஆண்டில் போய்விடுகிறது என்றால், அந்த உழைப்பை நினைக்கும்போது மனசு கனக்கிறது. வயலை நம்பியிருந்த குடும்பத்துக்கு அதைவிடக் கனமான இழப்பு.

ஆனாலும் ஒற்றைப் பெருமரபணு எப்போதும் தோற்கும் என்று சொல்லிவிட முடியாது. மண்ணில் வாழும் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் போன்ற வாடல் பூஞ்சைகளுக்கு எதிராக இது நீண்ட காலம் தாங்குவதுண்டு. அந்தப் பூஞ்சைக்குப் பாலினப் பெருக்கம் இருப்பதாக இதுவரை கண்டறியப்படவில்லை. மண்ணோடும் விதையோடும்தான் பெரும்பாலும் நகர்கிறது. ஒரு வயலில் புதிய வகை தோன்றினாலும் அது அடுத்த மாவட்டத்துக்குப் போய்ச் சேரக் காலம் பிடிக்கும்.

பல சிறு மரபணுக்கள்

இங்கே எந்த ஒரு மரபணுவும் நாயகன் கிடையாது. ஒன்று பூஞ்சை இலைக்குள் நுழைவதைச் சற்றுத் தாமதமாக்கும். இன்னொன்று புள்ளியின் அளவைக் குறைக்கும். மற்றொன்று அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் ஸ்போர்களைக் குறைக்கும். தனித்தனியே பார்த்தால் எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் நிலக்கடலையின் இலைப்புள்ளி நோய் போல, ஒரே பருவத்தில் பல சுற்றுகள் பரவும் நோய்க்கு இது பெரிய அடி. தொற்று விழுந்ததிலிருந்து புது ஸ்போர் வரும் வரையான இடைவெளி சில நாள் நீண்டாலே பருவத்துக்குள் ஒன்றிரண்டு சுற்றுகள் குறைந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பல மடங்காக்குவதால், கடைசியில் இலை உதிர்வில் தெரியும் வித்தியாசம் மிகப் பெரியது.

இந்த வழிக்கும் ஆளிச் செடியிடமிருந்து ஒரு பழைய பாடம் இருக்கிறது. அதே வடக்கு டகோட்டாவில், ஃபுளோருக்கு முந்தைய தலைமுறையில், ஹென்றி பாலி என்பவர் ஆளி வாடல் நோயோடு போராடினார். ஆளியைத் தொடர்ந்து விதைத்த நிலங்களில் பயிர் கூட்டம் கூட்டமாக வாடியது; 'ஆளிக்குச் சலித்துப்போன மண்' என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மண்ணில் சத்து தீரவில்லை, அங்கே ஒரு பூஞ்சை பெருகியிருக்கிறது என்று பாலி காட்டினார். ஃபார்கோவில் 1894 முதல் ஒரு பாத்தியில் ஆண்டுதோறும் ஆளியையே விதைத்து, வேண்டுமென்றே நோய்மண்ணை உருவாக்கினார்கள். எல்லாம் மடிந்த அந்த மண்ணில் தப்பிப் பிழைத்த சில செடிகளின் விதையை எடுத்து, மறுபடி அதே மண்ணில் போட்டு, மறுபடி தப்பியதை எடுத்தார் பாலி. வாடலைத் தாங்கும் ஆளி இரகங்கள் அப்படித்தான் வந்தன. ஆய்வகம் வேண்டாம், மார்க்கர் வேண்டாம். நோய் நிச்சயமாக வரும் ஒரு துண்டு நிலமும் பொறுமையும் போதும். வாடல் நோய்க்கு இன்றும் 'சிக் பிளாட்' என்று அதைத்தான் செய்கிறோம். எளிய கருவிகளோடு வேலை செய்யும் நிலையங்களுக்கு இதைவிட நம்பகமான முறை எனக்குத் தெரியாது.

சரி, குறை என்ன? நிறைய இருக்கிறது. நாற்றுப் பருவத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. கருங்கால் நோயில் சிறு மரபணுக்களின் வேலை பெரும்பாலும் தண்டில்தான் நடக்கிறது; பருவ முடிவில் செடியைப் பிடுங்கி, தண்டின் அடியைக் குறுக்கே வெட்டி, எவ்வளவு கருகியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மழை குறைந்த ஆண்டில் எல்லா வரிசைகளும் நல்லவையாகத் தோன்றும். ஒரே வரிசை ஓரிடத்தில் மூன்று நோய் மதிப்பெண்ணும் இன்னோரிடத்தில் ஆறும் வாங்கும். மரபணுக்கள் பல குரோமோசோம்களில் சிதறிக் கிடப்பதால், ஒரு பின்கலப்பு செய்தாலே பாதி கையை விட்டுப் போய்விடும். முழு மரபணுத் தொகுதியையும் வைத்து மதிப்பிடும் தேர்வு முறை இப்போது ஓரளவு கைகொடுக்கிறது. ஆனாலும் அந்த முறையைப் பழக்க நல்ல வயல் தரவு வேண்டுமே! வயலில் குனிந்து மதிப்பெண் போடும் வேலையிலிருந்து தப்பிக்க வழியில்லை.

அப்புறம், நோய் மிகக் கடுமையான ஆண்டில் இது மட்டும் போதாது. விவசாயிக்குப் புள்ளி விழுந்த இலையைக் காட்டி "இதுதான் எதிர்ப்பு உள்ள இரகம்" என்று புரியவைப்பதும் கஷ்டம்.

ஆனால் நீடிக்கும். பிரான்சில் 1970களின் இறுதியில் வந்த 'ழெட் நெஃப்' என்ற கனோலா இரகத்தின் தண்டு எதிர்ப்பு, பல பெருமரபணுக்கள் வந்து போன பிறகும் இனப்பெருக்குநர்கள் திரும்பத் திரும்பத் தேடிப்போகும் மூலமாக இருக்கிறது. பூஞ்சை இங்கே ஒரு பூட்டைத் திறந்தால் போதாது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேம்பட வேண்டும். ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் கிடைக்கும் லாபமும் சிறியது.

இரண்டையும் சேர்த்தால்

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படும் சான்று பிரான்சில் நடந்த ஓர் ஐந்தாண்டுச் சோதனை, 2010இல் வெளியானது. ஆர்.எல்.எம்.6 என்ற பெருமரபணுவைப் பழுப்புக் கடுகிலிருந்து எடுத்து இரண்டு கனோலா இரகங்களுக்குள் வைத்தார்கள். ஒன்று 'யூரோல்', அதற்குச் சிறு மரபணுக்களின் அடித்தளம் கிடையாது. மற்றொன்று 'டார்மோர்', அதற்கு அந்த அடித்தளம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த வயலில் நோயுற்ற தட்டைகளையே அடுத்த ஆண்டுக்கு நோய் மூலமாகப் போட்டார்கள். பூஞ்சைக்குத் தன்னை மாற்றிக்கொள்ள இதைவிட வசதியான சூழ்நிலை இருக்க முடியாது. யூரோலில் ஆர்.எல்.எம்.6 மூன்றாவது ஆண்டிலேயே பயனற்றுப் போயிற்று. டார்மோரில் ஐந்தாண்டு முடிவிலும் எதிர்ப்பு நின்றது.

இரண்டிலும் இருந்தது ஒரே பெருமரபணுதான். அடித்தளம் மட்டும் வேறு. ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் தெளிவு. பெருமரபணுவை ஏமாற்றிய ஒரு பூஞ்சை வகை தோன்றினாலும், டார்மோரின் தண்டில் அது சரியாக வளர முடிவதில்லை. தட்டையில் மிஞ்சுவது குறைவு. அடுத்த ஆண்டுக்கு அனுப்பும் ஸ்போர்களும் குறைவு. தோன்றிய மாற்றம் பெருகுவதற்கு முன்பே நசுங்கிப்போகிறது.

ஆகவே பெருமரபணு வேண்டுமா, சிறு மரபணுக்கள் வேண்டுமா என்ற கேள்வியே பாதி தவறு. எதை முதலில் கட்டுவது என்பதுதான் கேள்வி. என் பதில்: அடித்தளத்தை முதலில்.

அது நடைமுறையில் ஏன் தலைகீழாக நடக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் வான் டெர் பிளாங்க் 1960களில் இதை விளக்கினார். 'வெர்ட்டிஃபோலியா' என்ற உருளைக்கிழங்கு இரகத்தில் பெருமரபணு இருந்ததால், உருவாக்கும் காலத்தில் அதன்மேல் நோயே வரவில்லை. நோயே வராத வயலில் சிறு மரபணுக்கள் உள்ள செடியும் இல்லாத செடியும் ஒன்றுபோலத் தெரியும். தேர்வு செய்யத் தேர்வு செய்ய, அடித்தளம் யாருக்கும் தெரியாமல் கரைந்துபோயிற்று. கடைசியில் பெருமரபணு உடைந்த நாளில் அந்த இரகம் பழைய இரகங்களைவிட மோசமாக வீழ்ந்தது. சுத்தமான இலையின் ஆபத்து இதுதான். அதன் பின்னால் என்ன இல்லை என்பதை அது மறைத்துவிடும்.

பெருமரபணுக்களை அடுக்குவது

ஒரு காவலாளி போதாது என்றால் மூன்று காவலாளிகளை நிறுத்தலாமே என்பது அடுத்த வழி. கணக்கு கவர்ச்சியானது. ஒரு மரபணுவை ஏமாற்றும் மாற்றம் பத்து லட்சம் ஸ்போர்களில் ஒன்றுக்கு நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மரபணுக்களை ஒரே சமயத்தில் ஏமாற்ற லட்சம் கோடியில் ஒன்று வேண்டும். அது கிட்டத்தட்ட நடக்காது.

ஆனால் இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் ஓட்டையாகிறது. பக்கத்து வயல்களில் அதே மரபணுக்கள் தனித்தனியாக உள்ள இரகங்கள் வளர்ந்தால், பூஞ்சை ஒவ்வொரு படியாக ஏறிவிடும். ஒரே தாவலில் தாண்ட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அப்புறம், கருங்கால் பூஞ்சை போல ஆண்டுதோறும் பாலினப் பெருக்கம் செய்வது என்றால், ஒரு மரபணுவை ஏமாற்றியதும் இன்னொன்றை ஏமாற்றியதும் தட்டையில் கலந்து இரட்டை வகையைத் தந்துவிடும். ஆகவே அடுக்குவதாக இருந்தால் அந்த மரபணுக்களைத் தனியாக யாரும் வெளியிடக் கூடாது. பல நிறுவனங்கள் ஒரே மரபணுவைத் தனித்தனியே விற்கும் சூழலில் இந்தக் கட்டுப்பாடு நிற்பது அரிது.

ஆனால் எதை எதோடு சேர்ப்பது என்பதில் நுட்பம் இருந்தால் பலன் மாறுகிறது. கருங்கால் பூஞ்சையின் ஒரு புரதத்தை ஆர்.எல்.எம்.4, ஆர்.எல்.எம்.7 ஆகிய இரண்டு எதிர்ப்பு மரபணுக்களும் அடையாளம் காண்கின்றன. அதே புரதம் இன்னொரு வேலையும் செய்கிறது. பூஞ்சையின் வேறொரு புரதத்தை ஆர்.எல்.எம்.3 மரபணுவின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கிறது. இப்போது ஆர்.எல்.எம்.7 உள்ள இரகத்தை ஏமாற்றப் பூஞ்சை அந்த முதல் புரதத்தை இழந்தால், மறைந்திருந்த இரண்டாவது புரதம் வெளிப்பட்டுவிடும், ஆர்.எல்.எம்.3 அதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து தப்பினால் மற்றொன்றில் சிக்க வேண்டிய நிலை. எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை. எத்தனை மரபணுக்கள் என்ற எண்ணிக்கையைவிட, எந்த இரண்டு மரபணுக்கள் என்ற தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியாது.

ஒரே செடிக்குள் அடுக்குவதற்குப் பதில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றி மாற்றி விதைப்பதும் ஒரு வழி. ஆஸ்திரேலியாவில் கனோலா இரகங்களை அவற்றின் கருங்கால் எதிர்ப்பு மரபணுக்களை வைத்து எழுத்துக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே குழுவைச் சில ஆண்டுகள் தொடர்ந்து விதைத்த பின் நோய் கூடினால் வேறு குழுவுக்கு மாறச் சொல்கிறார்கள். சென்ற ஆண்டின் தட்டைகள் கிடக்கும் வயலிலிருந்து 500 மீட்டர் தள்ளி விதைக்கவும் சொல்கிறார்கள். விதை வாங்கும் விவசாயிக்குப் புரிகிற மாதிரி மரபணுவைச் சொன்ன இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். மற்ற எண்ணெய் வித்துகளிலும் இரகத்தின் பெயரோடு எதிர்ப்பின் வகையும் எழுதப்பட வேண்டும்.

காட்டினங்கள்: நிலக்கடலையின் அனுபவம்

நிலக்கடலைக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை. பயிரிடப்படும் நிலக்கடலையில் 40 குரோமோசோம்கள். அராக்கிஸ் துரானென்சிஸ், அராக்கிஸ் இபயென்சிஸ் என்ற இரண்டு காட்டினங்கள் கலந்து, குரோமோசோம் இரட்டித்து உருவானது அது. அந்த அரிய நிகழ்வோடு காட்டு உறவுகளிலிருந்து அது பிரிந்துவிட்டது. 20 குரோமோசோம் உள்ள காட்டினங்களோடு இயல்பாகக் கலப்பதில்லை. ஆகவே பயிருக்குள் இருக்கும் மரபு வேறுபாடு மிகக் குறுகியது. துருவுக்கும் பின்பருவ இலைப்புள்ளிக்கும் வலுவான எதிர்ப்பைப் பயிருக்குள் மட்டும் தேடினால் சீக்கிரமே சுவரில் முட்டிக்கொள்வோம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் விளைச்சலில் பாதிக்கு மேலேயே போய்விடலாம்.

பொலிவியாவில் சேகரிக்கப்பட்ட அராக்கிஸ் கார்டினாசி என்ற காட்டினம் இந்தச் சுவரில் வழி திறந்தது. 1960களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இதை நிலக்கடலையோடு கலந்தார்கள். பிறந்தது 30 குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடி. அதன் குரோமோசோம்களை இரட்டித்து 60 ஆக்கி வளம் மீட்டார்கள். அப்புறம் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, தேர்ந்தெடுத்து, 40 குரோமோசோமுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தச் செடிகளின் விதை நாடு விட்டு நாடு போயிற்று. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆய்வு நிறுவனத்துக்கும் வந்தது. அந்த வழியில் வந்த ஒரு வரிசையைப் பெற்றோராக வைத்துக் கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவானதுதான் ஜி.பி.பி.டி. 4 என்ற இரகம். துரு, பின்பருவ இலைப்புள்ளி இரண்டையும் தாங்கும். காயும் நல்ல காய்.

பின்னால் மூலக்கூறு மார்க்கர்கள் வந்தபோது, அந்த எதிர்ப்பின் பெரும்பகுதி ஏ03, ஏ02 என்ற குரோமோசோம்களில் இருந்த காட்டினத் துண்டுகளில் இருப்பது தெரிந்தது. துரு எதிர்ப்பின் மிகப் பெரிய பங்கு ஏ03 துண்டில். ஜி.பி.பி.டி. 4ஐக் கொடையாளியாக வைத்து, மார்க்கர் துணையோடு பின்கலப்பு செய்து, டி.ஏ.ஜி. 24, ஜே.எல். 24, ஐ.சி.ஜி.வி. 91114 போன்ற பழகிய இரகங்களுக்குள் அந்தத் துண்டுகளைக் கொண்டுபோனார்கள்.

இந்த வழியின் விலை காலம். காட்டினத் துண்டோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வரும். தாமதமாக முற்றுவது, தடித்த ஓடு, காயின் நடுவில் ஆழமான இடுக்கு, குறைந்த பருப்பு விகிதம் என்று. எதிர்ப்பும் விளைச்சலும் எதிரெதிரானவை என்று பலர் நம்பியதற்கு இப்படி ஒட்டிக்கொண்டு வந்த குணங்கள்தான் காரணம். மார்க்கர் வைத்துத் துண்டைச் சுருக்கச் சுருக்க அந்த நம்பிக்கை தளர்கிறது. ஆனால் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும். சர்பாஸ் 400இன் எதிர்ப்பும் காட்டு வகையிலிருந்து வந்ததுதான். பல கண்டங்களின் நிலக்கடலை ஒரே கார்டினாசிச் செடியின் துண்டை நம்பியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. மற்றக் காட்டினங்களையும் இப்போதே உள்ளே கொண்டுவரும் வேலையை ஒத்திப்போடக் கூடாது.

பெருமரபணுவே இல்லாத நோய்கள்

ஸ்கிளிரோடினியா ஸ்கிளிரோடியோரம் என்ற பூஞ்சை 400க்கும் மேற்பட்ட செடி இனங்களைத் தாக்குகிறது. சூரியகாந்தியில் தலையழுகல், கனோலாவில் தண்டழுகல். இதற்கு எதிராக முழு எதிர்ப்பு தரும் பெருமரபணு எந்த எண்ணெய் வித்திலும் பயன்பாட்டில் இல்லை. இந்தப் பூஞ்சை செல்களைக் கொன்றே தின்பது. செல் தானாக மடியும் தற்காப்பு இதற்கு விருந்து. ஆக, சிறு மரபணுக்கள் தவிர வேறு கதியில்லை.

இங்கே செடியின் உருவமும் ஓர் எதிர்ப்பு. கனோலாவில் பூஞ்சை முதலில் உதிர்ந்த இதழ்களில் பிடித்து, அவை ஒட்டிக்கொண்ட இலை வழியாகத் தண்டுக்குப் போகிறது. இதழே இல்லாத பூக்கள் கொண்ட கனோலா வகைகளில் நோய் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். காற்றோட்டமான, சாயாத செடியும் அப்படியே உதவும். இவற்றைத் தப்பித்தல் என்று ஒதுக்கிவிடுகிறோம். பூஞ்சை இதற்கு எதிராகப் பரிணமிப்பது கடினம் என்பதால், நான் இதற்குக் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

மரபணு மாற்றம் உண்மையிலேயே புதிதாக ஒன்றைத் தருவது இந்த இடத்தில்தான். ஸ்கிளிரோடினியாவின் முக்கிய ஆயுதம் ஆக்சாலிக் அமிலம். அதைச் சிதைக்கும் நொதிக்கான மரபணுவைக் கோதுமையிலிருந்து எடுத்துச் சூரியகாந்தியிலும், வேறு தானியத்திலிருந்து நிலக்கடலையிலும் வைத்தபோது நோய் குறைந்தது. சோயா துருவுக்கும் இப்படி ஒரு முயற்சி உண்டு. ஆர்.பி.பி.1 முதல் ஆர்.பி.பி.7 வரை சோயாவில் தெரிந்த எதிர்ப்பு மரபணுக்களில் எதுவும் எல்லா இடத்துத் துரு வகைகளையும் தடுப்பதில்லை. பூஞ்சைக்கொல்லிகளும் பிரேசிலில் ஒன்றன்பின் ஒன்றாக வலுவிழந்து வந்தன. 2016இல் துவரையிலிருந்து எடுத்த ஓர் எதிர்ப்பு மரபணு சோயாவில் வேலை செய்வதாகக் காட்டினார்கள். கலப்பு செய்தே சேர முடியாத செடியின் காவலாளி அது. ஆனாலும் அது ஒற்றைப் பெருமரபணுதான். துவரையிலிருந்து வந்ததால் மட்டும் துரு அதை ஏமாற்றக் கற்றுக்கொள்ளாது என்று யாரும் உறுதி தர முடியாது. அனுமதி பெறும் செலவும் காலமும் வேறு. மரபணுத் திருத்தத்தில், பூஞ்சைக்கு உதவும் செடியின் சொந்த மரபணுவை நிறுத்துவது நல்ல யோசனை, பார்லியில் 'எம்.எல்.ஓ.' என்ற மரபணு செயலிழந்த வகைகள் 1979 முதல் சாம்பல் நோயைத் தாங்கி நிற்பதே அதற்கு ஊக்கம். எண்ணெய் வித்துகளில் இது இன்னும் ஆய்வு வயலைத் தாண்டிப் பெரிதாக வரவில்லை. இன்று முடிவெடுக்க வேண்டியவர் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

எனவே எந்தப் பயிருக்கு எது

முடிவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று பூஞ்சையின் பழக்கம்: ஆண்டுதோறும் பாலினப் பெருக்கம் உண்டா, ஸ்போர் காற்றில் போகிறதா, தட்டையில் எவ்வளவு மிஞ்சுகிறது. இதை நோயியல் படித்த எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதை அதிகம் பேர் கேட்பதில்லை: இரகம் உடைந்தால் மாற்று விதை எவ்வளவு வேகமாக வயலுக்கு வரும்?

நிலக்கடலையில் ஒரு பங்கு விதைத்தால் எட்டுப் பங்கு திரும்புவது விதைப் பெருக்கத்தில் வழக்கமான கணக்கு. கடுகில் அது நூறு பங்கு. மூன்று பருவம் பெருக்கினால் நிலக்கடலை 512 மடங்கு. கடுகு பத்து லட்சம் மடங்கு. நிலக்கடலையில் ஓர் இரகத்தின் எதிர்ப்பு சரிந்தால், அடுத்த இரகம் கையில் தயாராக இருந்தால்கூட அது பரவலாகப் போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை விவசாயி உடைந்த இரகத்தையேதான் விதைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் நிலக்கடலையில் நீடிப்புக்குத்தான் முதலிடம். ஏ02, ஏ03 துண்டுகளைத் துணிந்து பயன்படுத்தலாம், ஆனால் இலைப்புள்ளியைத் தாமதப்படுத்தும் சிறு மரபணுக்கள் உள்ள இரகத்துக்குள் மட்டும்.

கனோலா போல விதை வேகமாகப் பெருகும், ஆண்டுதோறும் புது விதை வாங்கும் பயிரில், மரபணுக் குழுக்களை மாற்றி மாற்றி விதைக்கும் ஏற்பாடு இருந்தால் பெருமரபணுக்களை நம்பலாம். தண்டு எதிர்ப்பின் அடித்தளம் இல்லாத இரகத்தை மட்டும் அங்கும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆளி, ஆமணக்கு, குசும்பா ஆகியவற்றின் வாடல் நோய்க்கு நோய்மண் பாத்தியில் தேர்ந்தெடுத்ததே போதும். அங்கே ஒரு பெருமரபணு கிடைத்தால் அதையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கிளிரோடினியாவுக்குச் சிறு மரபணுக்களும் செடி உருவமும்.

அடித்தளம் கரையாமல் பார்த்துக்கொள்வது எப்படி? பெருமரபணுவை ஏற்கெனவே ஏமாற்றிய பூஞ்சை வகையை ஆய்வகத்தில் தனியாக வைத்திருந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பாத்தியில் அந்த வகையை மட்டும் தெளிக்க வேண்டும். அந்தப் பாத்தியில் பெருமரபணு இருந்தும் இல்லாதது போலத்தான். சுத்தமான இலை ஒன்றும் அங்கே இருக்காது. எல்லா வரிசையிலும் புள்ளி விழும். எதில் குறைவாக விழுகிறது, எதில் இலை கடைசி வரை செடியில் நிற்கிறது என்று குனிந்து எண்ண வேண்டும். அப்படி வகை கிடைக்கவில்லை என்றால், பெருமரபணுவைக் கடைசியில் சேர்க்கலாம்: முதலில் அது இல்லாமலேயே கடும் நோயில் தேர்ந்தெடுத்து, நல்ல அடித்தளம் அமைந்த வரிசைக்குள் மார்க்கர் வைத்து அதை இறக்குவது. இரண்டு மூன்று பருவம் கூடுதலாகும்.